ஒரே வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்

வீட்டு வைஃபையில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்றால் பதற வேண்டியதே இல்லை மேடம். பெரும்பாலும் காரணம் அற்பமாகத்தான் இருக்கும். ஒன்று உங்கள் வைஃபையிலும் இன்னொன்று பக்கத்து வீட்டு வைஃபையிலும் தொற்றிக்கொண்டிருக்கும். இல்லையென்றால், "இது உங்கள் வீடா, பொது இடமா?" என்று கம்ப்யூட்டர் என்றைக்கோ கேட்டிருக்கும்; அவசரத்தில் யாரோ பொது இடம் என்று அமுக்கியிருப்பார்கள். அன்றிலிருந்து அது டாக்சி நிலையத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி யாரோடும் பேசாது. உங்கள் மேஜையிலிருக்கும் இரண்டும்கூட ஒன்றையொன்று பார்க்கவில்லை என்று அந்தக் கான்ஸ்டபிள் புலம்பிக்கொண்டிருந்தார். இது முடிந்ததும் பார்த்துத் தருகிறேன்.

மேலே ஒப்புதல் வாக்குமூலம் என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கம் என்று போட்டிருக்கலாம். பரவாயில்லை.

என் பெயர் செர்வட்டா. கம்பாலாவுக்குப் பக்கத்தில் முக்கோனோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தேன். ஒரு மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் அறையின் கூரை ஒழுகியது. கூரையோடு சேர்த்து என் வேலையையும் எடுத்துவிட்டார்கள். நான் கட்டிக்கொண்டிருந்த வீடு ஜன்னல் உயரத்தில் நின்றது. மனைவி பாபிர்யே, "மூணு மாசம் அம்மா வீட்டுல இருப்போங்க" என்றாள். நான்கு வருடம் ஆயிற்று.

மருமகன் மாமியார் வீட்டில் தங்கினால் நம் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். மாமியாரைத் தொடக்கூடாது, அவர் அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, எதிரே வந்தால் ஒதுங்க வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இதையெல்லாம் கடைப்பிடிக்கக் கொஞ்சம் நாட்டியம் தெரிந்திருக்க வேண்டும். என் மாமியார் நாலோங்கோ கூடத்துக்கு வந்தால் நான் சமையலறைக் கதவு வழியாக வெளியேறுவேன். சமையலறைக்கு வந்தால் ஜன்னல். இரட்டைப் பிள்ளை பெற்றவர் என்பதால் ஊரே அவரை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் பெயரை அவரும் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. 'அந்த ஆள்' என்பார்.

இரட்டையரில் மூத்தவள் என் மனைவி. பத்து நிமிடம் கழித்துப் பிறந்தவள் நக்காட்டோ. புருஷன் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்து, அந்த வீட்டையே தோளில் சுமந்தவள். இருவரும் தோட்டத்துக் கோடியிலிருந்த பழைய அறையில் கல்யாண வீடியோத் தொழில் நடத்தினார்கள். நக்காட்டோ படம் பிடிப்பாள், பாபிர்யே வெட்டி ஒட்டுவாள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே சிரிப்பு. நான் உள்ளே போனால் அந்தச் சிரிப்பு நிற்கும். வெளியே வந்தால் மறுபடி தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை வாழையிலையில் கோழி வேகும். கோழியின் இரைப்பை எங்கள் வழக்கப்படி வீட்டு ஆணுக்கு உரியது. அந்த வீட்டில் ஆண் என்று நான் ஒருவன்தான், பூனைகூடப் பெண். ஆனாலும் அது நக்காட்டோவின் தட்டுக்குத்தான் போகும்.

"அது உங்க அத்தானுக்குடி," என்றாள் பாபிர்யே ஒரு தடவை.

"அது வீட்டு ஆம்பளைக்கு இல்ல? அத்தானுக்கு வீடு எங்க இருக்கு? ஜன்னல் வரைக்கும்தானே இருக்கு? அப்ப மரியாதையும் ஜன்னல் வரைக்கும்தான். இந்தாங்க அத்தான், கழுத்து."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கழுத்தைத் தின்றேன்.

முதல் தடவை நடந்தது நிஜமான கோளாறு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் பாபிர்யேயின் கம்ப்யூட்டருக்கு நக்காட்டோவின் கம்ப்யூட்டர் தெரியவில்லை. மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்கு வீடியோ கொடுத்தாக வேண்டும். இருவரும் என் அறை வாசலுக்கே வந்து நின்றார்கள். நான்கு நிமிட வேலை. நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒரு தடவை பெருமூச்சு விட்டேன். அந்த ஞாயிறு இரைப்பை என் தட்டில் விழுந்தது. வைத்தவள் நக்காட்டோ. "சாப்பிடுங்க அத்தான். நீங்க இல்லன்னா நேத்து மானம் போயிருக்கும்," என்றாள், கிண்டல் இல்லாமல்.

மூன்று ஞாயிறு அது நீடித்தது. நான்காவது ஞாயிறு கழுத்து.

ரவுட்டருக்குள்ளே ஒரு சின்னக் கட்டம் உண்டு மேடம். அதில் ஒரு டிக் வைத்தால், வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. இணையம் வழக்கம்போல ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஓட்டல்களுக்காக ஏற்படுத்தியது. என் கம்ப்யூட்டரை மட்டும் நான் வயரில் மாட்டியிருந்தேன், அதனால் எனக்கு எல்லாமே தெரியும். கடவுள் எல்லோரையும் பார்ப்பார், அவரை யாரும் பார்க்க முடியாது என்று பாதிரியார் சொல்லும்போதெல்லாம், அவரும் வயர் இணைப்பில்தான் இருப்பார் போல என்று நினைத்துக்கொள்வேன்.

முதலில் மாதம் ஒரு தடவை. பிறகு இரண்டு. பேராசைப்படுகிற ஆள் இல்லை நான். டிக் வைப்பேன், ஷூ போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். "அத்தான், மறுபடி காணோம்!" என்று தோட்டத்திலிருந்து குரல் வரும். உடனே போனால் மதிப்பிருக்காது. ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துப் போவேன். இப்போது வருகிற ரவுட்டரெல்லாம் மட்டம், இந்த மேட்டில் காற்று வேறு மாதிரி என்று ஏதாவது சொல்வேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

போன வருடம் நாலோங்கோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. அவருடைய மெலிந்த குரல் மகள்கள் வேலை செய்யும் தோட்டத்து அறை வரைக்கும் கேட்காது. நான்தான் யோசனை சொன்னேன்: என் பழைய லேப்டாப்பை அவர் கட்டிலுக்கு எதிரே வைத்தால் அதன் கேமரா வழியாக இருவரும் தங்கள் திரையின் ஓரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அறைக்குள் நான் போகக்கூடாதே. நடையில் சுவரைப் பார்த்து நின்றபடி ஒவ்வொன்றாகச் சொன்னேன், நக்காட்டோ உள்ளே செய்தாள்.

"அந்த ஆள் வெளிய நிக்கிறாரா?" நாலோங்கோவின் குழறிய குரல்.

"ஆமாம்மா."

"என்னைக் குளிப்பாட்டுறப்ப இந்தக் கண்ணை மூடணும்னு சொல்லு."

"துணி போட்டு மூடிடுவோம்மா. அத்தான், அம்மா உங்க மேல சந்தேகப்படுறாங்க!"

உள்ளேயிருந்து தாயும் மகளும் சிரித்தார்கள். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு என்று சொன்னேன் இல்லையா. அந்த லேப்டாப்பின் மைக் எப்போதோ செத்துவிட்டது. படம் மட்டும் வரும்.

இனி அந்தச் சனிக்கிழமை. ஒரு கல்யாணத்து மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் வீடியோ பார்க்க வந்திருந்தார்கள். நான் குடையோடு முற்றத்தைக் கடந்தேன். அவர்களில் பெரியவர், "இவரு யாரு?" என்று கேட்டார். "இவரா? வைஃபை வாங்கினப்ப கூட வந்தவர்," என்றாள் நக்காட்டோ. பெரியவர் சிரித்துச் சிரித்து இருமினார். என் மனைவி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும், இரண்டு பத்துக்கு டிக் வைத்தேன்.

வழக்கமாகக் கால் மணியில் குரல் வரும். அன்று வரவில்லை. காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். வேண்டிய படங்களையெல்லாம் பாபிர்யே காலையிலேயே தன் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தாள், அதனால் ஃபோல்டர் மறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை. கேமராப் படம் அறுந்தாலோ, கடைசியாக வந்த படம் அப்படியே திரையில் உறைந்து நிற்கும். அதில் நாலோங்கோ இடப்பக்கம் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அவ்வப்போது ஓரக்கண்ணால் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு, இருவரும் வேலை செய்தார்கள். வேலைக்காரப் பெண் சந்தைக்குப் போயிருந்தாள். மூன்று பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தவள் அலறினாள். நாலோங்கோ தரையில் கிடந்தார். நெற்றி கட்டில் காலில் அடிபட்டிருந்தது. உடல் இன்னும் சூடாக இருந்தது.

அடக்கத்துக்கு வேண்டியதையெல்லாம் நான்தான் ஓடியாடிச் செய்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்றாம் நாளே சண்டை தொடங்கிவிட்டது.

"நீதானேடி பாத்துக்கிட்டிருந்தே?" என்றாள் என் மனைவி.

"நீ பாக்கலையா? உன் திரையிலயும்தானே அம்மா இருந்தாங்க?"

"என் திரையில தூங்கிட்டுத்தான் இருந்தாங்க! உன் திரையில அம்மா விழுந்து கிடந்ததைப் பாத்தும் நீ எந்திரிக்கல."

பத்து நிமிட வித்தியாசத்தில் பிறந்தவர்கள் அதன்பின் ஒரே அறையில் உட்காரவில்லை. ஒரே வைஃபையைக்கூடப் பங்கிட மறுத்தார்கள். நக்காட்டோவுக்குத் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். பாபிர்யே என் பக்கம் படுத்து அழுவாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. நல்ல இரண்டு மாதம் என்றே சொல்வேன்.

பிறகு நக்காட்டோ, அக்காவோடு சமாதானமாகப் போகலாம் என்று முடிவெடுத்தாள். மறுபடி இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்க்க வேண்டும். என்னிடம் சொல்லியிருக்கலாம். கம்பாலாவிலிருந்து அடோங் என்று ஒரு பெண்ணை வரவழைத்தாள். ஜீன்ஸ் போட்ட பெண். என் ரவுட்டரைத் திறந்து பார்த்து நாக்கால் 'ச்சு' கொட்டினாள்.

"யாருங்க இதை மாட்டினது? ஓட்டல்ல வைக்கிற டிக்கை வீட்டுல வெச்சிருக்காங்க. இது இருந்தா ஒண்ணுக்கொண்ணு எப்படித் தெரியும்? தெரியாத்தனமா அமுக்கியிருக்காங்க. அரைகுறை வேலை."

"எங்க அத்தான்தான்," என்றாள் நக்காட்டோ. "விடு, பாவம். அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன் மேடம். நான்கு வருடம் தாங்கியவன். 'பாவம்' என்றாள். பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

"தெரியாமல் அமுக்கவில்லை," என்றேன். "தெரிந்தே வைத்த டிக். சனிக்கிழமை இரண்டு பத்துக்கு."

என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். "எந்தச் சனிக்கிழமை?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

அடோங் தன் பையை மூடினாள். பாபிர்யே மிகவும் மெதுவாக அடுத்த கேள்வியைக் கேட்டாள். புத்திசாலிப் பெண், நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். "உங்களுது வயர்தானே? அப்ப உங்க கம்ப்யூட்டர்ல அம்மா தெரிஞ்சாங்களா?"

"தெளிவாகத் தெரிந்தார்," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் உங்களைக் கூப்பிட்டார்கள்.

இனி எழுத வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு முப்பத்தொன்றுக்கு நாலோங்கோ எழுந்து உட்காரப் பார்த்தார். தண்ணீருக்காக இருக்கலாம். விழுந்தார். நாற்பத்தொரு நிமிடம் தரையில் இருந்தார். நான் அவர் அறையிலிருந்து இதோ அந்தச் சுவர் இருக்கும் தூரத்தில், என் திரைக்கு முன்னால், ஷூ போட்டுக்கொண்டு, உட்கார்ந்திருந்தேன். டிக்கை எடுத்திருக்கலாம், இரண்டு கிளிக். ஆனால் யாரும் கேட்காமல் அது தானாகவே சரியாகிவிட்டால், அடுத்த தடவை என்னை எதற்குக் கூப்பிடப்போகிறார்கள்? ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம் என்பீர்கள். மாமியாரை மருமகன் தொடக்கூடாது என்ற வழக்கத்தை ஏற்படுத்தியது நான் இல்லை. தோட்டத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டிருப்பார்கள். எப்படியும் இப்போது கூப்பிடுவார்கள், இப்போது கூப்பிடுவார்கள் என்றுதான் காத்திருந்தேன்.

ஒன்றே ஒன்று மட்டும் மனதைக் குடைகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கால் மணி நேரம் அவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை அதை நோக்கி நீட்டினார். உதடு அசைந்தது. மகள்களின் பெயர் இல்லை. பாபிர்யே என்றால் உதடு ஒட்டும், நக்காட்டோ என்றால் கடைசியில் உதடு குவியும், வகுப்பில் முப்பது பிள்ளைகளின் உதட்டைப் படித்தவன் நான். செர்வட்டா, செர்வட்டா என்றுதான் சொன்னார். அப்படியென்றால் என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சத்தம் வரவில்லையே மேடம். சத்தம் வராததைக் கூப்பிட்டதாக எப்படி எடுத்துக்கொள்வது?