நடுவில் ஒரு முகம்

பேனரில் முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் செல்போனில் எடுத்த படம் சரிப்படாது, சார். பத்தடிக்கு இழுத்தால் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதனால்தான் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். அன்று என் கையில் வேறு எதுவும் இல்லை.

தேனியில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். இந்தப் பக்கம் வியாபாரிகளுக்கென்று மூன்று குட்டிக் கட்சிகள் இருந்தன. கம்பத்தில் ஹக்கீம் பாயுடையது, போடியில் ஏலக்காய் வியாபாரி சுகிர்தம் அம்மாவுடையது, ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் அஜய்குமாருடையது. மூன்றும் கேட்டது ஒன்றையே. வரியைக் குறை, லைசென்ஸை இழுத்தடிக்காதே, கடைக்காரனைத் திருடனைப் போலப் பார்க்காதே. தனித்தனியாக நின்று மூன்றும் டெபாசிட் இழந்தன. சேர்ந்து ஒரே கட்சியாகலாம் என்று முடிவானபோது சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தொழில் வணிகர் கட்சி. பெயரை டைப் அடிக்கும்போதே விரல் துள்ளியது.

கொள்கையில் சண்டை வரவில்லை. கொடியில் வரவில்லை. தொடக்க விழா பேனரில் வந்தது.

"ஏம்ப்பா, அஜய்குமாருக்குப் பூசணிக்கா சைசு, எனக்கு மட்டும் எலுமிச்சங்காயா?" என்றார் ஹக்கீம் பாய்.

"என்னைய நடுவுல போடுன்னு நான் கேக்கல," என்றார் சுகிர்தம் அம்மா. "ஓரத்துல போட்டா விழாவுக்கு வரமாட்டேன். அம்புட்டுத்தான்."

அஜய்குமார் ஸ்கேல் ஒன்றை வாங்கி மானிட்டரில் மூன்று தலைகளையும் அளந்தார். அவர் மூக்கு பாயின் மூக்கை விடச் சிறிதாம். பிறக்காத கட்சி உடையும் நிலைக்கு வந்துவிட்டது.

அந்த வாரமே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தேன். சின்னமனூர் அரிசிக்கடைக்காரர் ஒருவர் தவறிவிட்டார். நடுவில் அவர் முகம், ஆளுயரத்துக்கு. கீழே இதே மூன்று தலைவர்களும் தபால்தலை அளவில். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வழி அவ்வளவு எளிது.

மூவருக்கும் வேண்டியவர் ஒருவர் போதும். லாரி புக்கிங் ஆபீஸ் வைகுண்டராஜ் அண்ணாச்சி இருந்தார். மூவரின் சரக்கும் அவர் லாரியில்தான் போகும். மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவரும் அவரே. நல்ல மனிதர். இல்லாவிட்டால் பயன்பட்டிருக்க மாட்டார்.

விழா நடக்கவிருந்த உத்தமபாளையம் மண்டபம் புதியது. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. பேனர் கட்டும் இடத்தைப் பார்க்கலாம் என்று அழைத்தேன். மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்னைய எதுக்குப்பா எடுக்குற? நான் என்ன மாப்பிள்ளையா?"

"இங்கன வெளிச்சம் அருமையா இருக்கு அண்ணாச்சி. சும்மா சிரிங்க."

சிரித்தார். படம் அற்புதமாக விழுந்தது. கால் வரைக்கும் தெரியட்டும், கொஞ்சம் பின்னால் போங்கள் என்றேன். போனார். இன்னும் கொஞ்சம் என்றேன். நான் அவரைத் தொடவில்லை, சார். சொன்னதைக் கேட்டார்.

கம்பத்திலிருந்து தேனி வரை ஷட்டர்கள் இறங்கின. இரங்கல் கூட்டத்திலேயே கட்சி பிறந்தது. மேடைக்குப் பின்னால் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே மூன்று தபால்தலைகள், ஒரே அளவு. பட்டாசு வெடிக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. எனக்குள் வெடித்துக்கொண்டிருந்தது.

"வானத்துலயே நிக்கிற மாதிரி இருக்காகடா," என்று ஹக்கீம் பாய் என் தோளில் சாய்ந்து அழுதார். உண்மைதான். அண்ணாச்சிக்குப் பின்னால் வேறு எதுவும் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மாடிக்கு வந்ததும் அண்ணாச்சி ஒரு சேதி சொன்னார்.

"தம்பி, காலைலயே மூணு பேரும் ஒத்துக்கிட்டாக. யாரு படமும் வேணாமாம், கொடியில இருக்குற தராசை மட்டும் போடச் சொன்னாக. சண்டை முடிஞ்சிருச்சுப்பா."

அதைக் கேட்ட பிறகுதான் கேமராவின் மூடியைக் கழற்றினேன். கட்சி ஒன்றுசேர வேண்டும் என்றுதான் செய்தேன், சார். நீங்களே சொல்லுங்கள், முகமே இல்லாத பேனரை யார் நின்று பார்ப்பார்கள்?