பச்சை விளக்கை நம்பாத எங்கள் பில்ட் அக்காவுக்கு

மூலை மேசையில் அமர்ந்து முழு அலுவலகத்தையும் தாங்கியவரும், கேள்வியோடு வந்தவரைக் கேலி செய்தாலும் பதிலில்லாமல் ஒருநாளும் அனுப்பாதவரும், இருபத்தாறு ஆண்டுப் பணியை நிறைவு செய்து இன்று விடைபெறுபவருமான எங்கள் அன்புக்கும் வியப்புக்கும் உரிய பில்ட் அக்கா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் உவந்து வாசித்தளிக்கும் மடல்.

முன்வரிசையில் இருக்கும் உங்கள் மகள் வாசலிலேயே எங்களை மடக்கி, "அம்மா ஆபீஸ்ல அப்படி என்னதான் பண்ணாங்க? கேட்டா 'சேர்த்து கட்டறேன்'னு மட்டும் சொல்வாங்க" என்றார். ஆகவே இம்மடல் புகழ்வதோடு கொஞ்சம் விளக்கவும் செய்யும், பொறுத்தருள்க.

கூட்டி வருவோரின் குணம் அறிந்தவரே!

எந்த மென்பொருளையும் நாங்கள் முழுக்க எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த பேக்கேஜ்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, கேட்டு வாங்கிச் சேர்க்கிறோம். ஒருவரை விருந்துக்கு அழைத்தால் மைத்துனரும், மைத்துனரின் நண்பரும் கூடவே வருவதுபோல, நாம் கேட்ட பேக்கேஜ் தனக்கு வேண்டியதைக் கூட்டி வரும். அது இன்னொன்றைக் கூட்டி வரும். சிலவற்றின் மேல் மட்டும் 'விருப்பம்' என்று குறித்திருக்கும். அவை தாமாக வாரா. வேண்டுவோர் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இத்தனை பேரையும் வரவழைத்து, ஓடுகிற நிரலாகக் கட்டித் தருவது பில்ட் கருவி. கட்டி முடித்துச் சோதனைகளும் தேறினால் பச்சை விளக்கு எரியும். அந்தக் கருவியைக் கட்டிக் காத்தவர் நீங்கள்.

வராதவரையும் எண்ணிப் பார்த்தவரே!

இரத்த வங்கிக்கு நாம் செய்த மென்பொருளை மறக்க முடியுமா? ஒவ்வொரு இரத்தப் பைக்கும் அது லேபிள் அச்சிடும். அதற்கு நாம் வாங்கிய லேபிள் பேக்கேஜ் பல வகைப் பிரிண்டர்களோடு பேசவல்லது. ஆனால் ஒவ்வொரு பிரிண்டருக்குமான துணைப் பேக்கேஜ் 'விருப்பம்'. வங்கியில் இருந்ததோ மைக்குப் பதில் சூட்டால் அச்சிடும் வெப்பப் பிரிண்டர். அதற்கானதை நம்மில் யாரும் கேட்கவே இல்லை. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் லேபிள் வந்துகொண்டே இருந்தது! மாதாந்திர அறிக்கைக்காகச் சேர்த்த வேறொரு பேக்கேஜ், அந்த வெப்பப் பிரிண்டர் துணையைத் தன் முதுகில் சுமந்து வந்திருந்தது.

அறிக்கை வேலை வேறு குழுவுக்குப் போனது. நீங்களே 'சுத்தக்காரர்' என்று பெயர் வைத்த நம் நிரலாளர், இனி இது எதற்கு என்று அந்தப் பேக்கேஜை நீக்கினார். நியாயமான வேலைதான். பச்சை எரிந்தது. நம் சோதனைகள் லேபிளைக் கோப்பில் எழுதிப் பார்க்குமே தவிர, பிரிண்டரைத் தொட்டதே இல்லை. மறுநாள் காலை வங்கியில் புதிய பதிப்பை நிறுவ வேண்டும்.

"அக்கா, பச்சை எரியுது. அனுப்பிடலாம்ல?" என்றார் மேலாளர்.

"இருங்க சார். நேத்து வந்த கூட்டத்துல ஒரு ஆளை இன்னிக்குக் காணோம்," என்றீர்கள், கருவி சேர்த்த பேக்கேஜ்களின் பட்டியலைப் பார்த்தபடி.

"கூப்பிடாத ஆள் வரலைன்னா நமக்கென்ன?"

"கூப்பிடாத ஆளுதான் இத்தனை வருஷமா அடுப்பைப் பாத்துக்கிட்டு இருந்திருந்தா?"

அங்கேயே வங்கியின் ஆய்வகப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டீர்கள். "லேபிள் வரலைன்னா கையால எழுதி ஒட்டிக்குவீங்களாம்மா?"

"ஐயோ, அனுமதியே இல்லைங்க. லேபிள் இல்லாத பையை நான் குளிர்பெட்டியை விட்டு வெளிய எடுக்கவே கூடாது. ஆபரேஷன் தியேட்டர்ல ஆள் படுத்திருந்தாலும் சரி."

சேமிப்பறையிலிருந்து அதே வகைப் பிரிண்டரைத் தூக்கி வந்தீர்கள், இணைத்தீர்கள், பொத்தானை அழுத்தினீர்கள். காகிதம் அசையவில்லை. நிரல் அப்படியே நின்றுபோனது. பச்சை விளக்கு மட்டும் திரையில் எரிந்துகொண்டே இருந்தது.

"பழையபடி அந்த ரிப்போர்ட் பேக்கேஜைத் திரும்பப் போட்டுடறேன்க்கா, ஒரு நிமிஷ வேலை," என்றார் சுத்தக்காரர்.

"போட்டா லேபிள் வரும். ஏன் வருதுன்னு உனக்கு அடுத்து வர்றவனுக்குத் தெரியாதே. அவனும் உன்னை மாதிரி துடைப்பத்தோட வந்தா?"

பிறகு நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி. வெப்பப் பிரிண்டருக்கான பேக்கேஜை, அதன் பெயர் சொல்லி, நம் தேவையாகவே கேட்டீர்கள். பிரிண்டர் முனகியது, லேபிள் வந்தது. அதோடு விட்டீர்களா? நம் நிரல்கள் ஒவ்வொன்றிலும் யார் யார் முதுகில் ஏறி எது வருகிறது என்று துருவி, உண்மையில் வேண்டியதை எல்லாம் பெயர் சொல்லிக் கேட்க வைத்தீர்கள். நிஜப் பிரிண்டரில் நிஜ லேபிள் வராமல் இனி பச்சை எரியாது என்றும் கருவிக்குக் கற்றுக் கொடுத்தீர்கள்.

மறுநாள் நண்பகலுக்கு முன்பே ஆய்வகப் பணியாளர் அழைத்தார். "புதுசுல முதல் லேபிள் ஒட்டியாச்சுங்க. பை தியேட்டருக்குப் போய்க்கிட்டு இருக்கு." நீங்கள் "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனீர்கள். நாங்கள்தான் இருக்கையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பை யாருக்குப் போனதென்று நமக்குத் தெரியாது. ஒரு வரி விடுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்த இரத்தத்தைப் பெற்றவருக்கும் தெரியாது. நடக்காமல் போன ஒன்றுக்கு நன்றி சொல்ல வார்த்தை தேடி, இன்று வரை தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வியப்பே!

வரும் வாரம் வங்கிக்கு அடுத்த பதிப்பு போகிறது. முதன்முறையாக நீங்கள் இல்லாமல். அன்று எங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், தயவுசெய்து எடுக்காதீர்கள். காணாமல் போன ஆளை நாங்களே தேடிக்கொள்கிறோம். நீங்கள் நல்ல உடலோடும், நிறைந்த உறக்கத்தோடும், கணவரையும் மகளையும் கேலி செய்யத் தேவையான முழு நேரத்தோடும் நெடுங்காலம் வாழ்க!

என்றும் உங்கள்,
மென்பொருள் பிரிவுப் பணியாளர்கள்
(சுத்தக்காரர் உட்பட)