அக்குளில் ஆப்பசோடா

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் காலை பஸ், ஆளும் வெயிலுமாய்ப் பிதுங்கியது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"அக்குள்ல ஆப்பசோடாவா? இன்னாடி, ஆப்பமா சுடப்போற?"

"தேங்காண்ணெயில கொழைச்சு, பச்சைக் கற்பூரம் போட்டு நானே பண்ணேன்க்கா. இன்னிக்குக் கம்பெனியில மொத நாளு. வேர்வ நாத்தம்னு பக்கத்துல நிக்கிறவ மூக்கப் பொத்திக்கினா அசிங்கமா பூடும்."

"அப்புறம் ஏன் கைய இறுக்கிக்கினு கீற? மேல கம்பியப் புடி."

"பயமா கீதுக்கா."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வேறு வழியில்லாமல் அவள் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தாள். அந்தக் கைக்குக் கீழே சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர், கண்ணைத் திறக்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பெருமாள் கோயில் வந்துட்ச்சாம்மா?"

காஞ்சிபுரம் வரை அவள் கையை இறக்கவேயில்லை.