வயிறு பதறிய சொல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும், உண்மையைச் சொன்னால் அவ்வப்போது எங்கள் பெருமூச்சுக்கும் உரிய பேராசானே! வேதாகம மொழிபெயர்ப்பு நிலையத்தின் விளக்கே! கிரேக்கக் கடலுள் மூழ்கிச் சாப்பாட்டு மணி அடித்தும் மேலே வராத மாமணியே! ஒற்றை வினைச்சொல்லின் வேரைத் தோண்டித் தோண்டி எங்கள் அனைவரையும் அந்தக் குழிக்குள் இழுத்துவிட்ட வித்தகரே! வணக்கம்.

தங்கள் பணிநிறைவு விழாவில் இம்மடலை வாசிக்கும்போதே தாங்கள் குறுக்கே எழுந்து சந்திப்பிழை திருத்துவீர்கள் என்பதை அறிவோம். இன்று ஒரு நாள் பொறுத்தருள்க. சட்டம் போட்டுக் கண்ணாடியும் மாட்டியாகிவிட்டது.

கருகருவென்ற முடியோடு இந்நிலையத்துள் நுழைந்தவர் தாங்கள். நரைத்தது முழுவதும் ஒரு சொல்லால்தான். ஸ்ப்ளாங்க்னீசொமாய்! அதை முதன்முதலில் உச்சரித்துப் பார்த்த தட்டச்சு அக்கா தன் கணினித் திரையைத் துடைக்க வேண்டியதாயிற்று. பசித்த கூட்டத்தைக் கண்டபோதும், ஒரே மகனைப் பறிகொடுத்த விதவையைக் கண்டபோதும் இயேசுவுக்கு நேர்ந்ததைச் சொல்ல நற்செய்தியாளர்கள் எடுத்த சொல் அது. நம் பழைய பதிப்பில் 'மனதுருகி' என்று மரியாதையாக நிற்கிறது. அந்த மரியாதைதான் தங்களுக்குப் பிடிக்கவில்லை. அதன் வேருக்குக் குடல், ஈரல் முதலான உள்ளுறுப்புகள் என்று பொருள் எனத் தாங்கள் விளக்கிய நாள்தொட்டு இங்கே எவரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. தங்களுக்குக் 'குடலய்யா' என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எல்லோரும்தான் ஐயா!

ஒருநாள் உணவறையில், இரக்கம் எங்கே பிறக்கிறது என்று காட்டுவதற்காக அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தீர்கள். காசாளர் அண்ணன் அலறிப்போய்த் தங்களை அள்ளி வண்டியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். "எங்க வலிக்குது?" என்று மருத்துவர் கேட்டார். "எனக்கில்ல டாக்டர், கிரேக்கத்துலதான் வலிக்குது" என்றீர்கள். அவர் வயிற்றை விட்டுவிட்டுத் தலையைப் படம் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

அதற்கெல்லாம் அசைபவரா தாங்கள்! சோதனைப் பதிப்பில் துணிந்து 'குடல் உருகி' என்று எழுதி அனுப்பினீர்கள். நம் மெய்ப்புத் திருத்துநர், "பாவம், ஐயாவுக்குக் கை தவறிடுச்சு" என்று மனதுருகி, அதை 'உடல் உருகி' ஆக்கிவிட்டார். படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், "ஆண்டவருக்கு என்னாச்சு, திடீர்னு இளைச்சிட்டாரா?" என்று கவலையோடு விசாரித்தார். அந்தப் பதிப்பு இப்போதும் பரணில் இருக்கிறது.

இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மொழிபெயர்ப்புக் குழுத் தலைவர் அவர்களோடு தாங்கள் நடத்திய போரைச் சொல்லாமல் இம்மடல் முடியுமா? "குடல்னு போட்டா ஆலயத்துல வாசிக்கும்போது பிள்ளைங்க சிரிக்கும். வயிறு கலங்கின்னு போட்டா பேதின்னு நினைப்பாங்க. வேற நல்ல தமிழ் இருந்தா கொண்டாங்க" என்றார் அவர். தாங்கள் விட்டீர்களா? "பயம் வந்தா வயித்துல புளியக் கரைக்குது, பொறாமை வந்தா வயிறு எரியுது, நல்ல சேதி வந்தா வயித்துல பால வார்க்குது. எல்லாத்தையும் வயித்துல வெச்சுக்கிட்டு இரக்கத்த மட்டும் ஏன்யா மேல தூக்கிட்டுப் போறீங்க? மனசு உருகுனவன் பெருமூச்சு விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். வயித்துல பட்டவன் எழுந்து ஓடியே ஆகணும்!" என்று மேசையைத் தட்டினீர்கள். தேநீர் கவிழ்ந்ததே தவிரத் தலைவர் அசையவில்லை. அவர் கேட்ட அந்த நல்ல தமிழும் தங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஓய்வு நாள் நெருங்கியது. நூலும் அச்சுக்கு நெருங்கியது. இயேசு சொன்ன கதையில், ஊதாரி மகன் திரும்பி வருவதைத் தூரத்திலேயே கண்டு தகப்பன் ஓடும் இடத்திலும் இதே சொல்தான். "அந்த ஒரு இடமாச்சும் குடுங்க. நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிடறேன்" என்று இறங்கி வந்து கேட்டீர்கள். தங்களை அப்படிப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசி அமர்வில், 'மனதுருகி' என்று முடிவெழுதத் தலைவர் பேனாவைத் திறந்தார். அவருடைய கைபேசி அடித்தது. வெளியூரில் படிக்கும் மகள் வந்துகொண்டிருந்த பேருந்து கவிழ்ந்துவிட்டதாம். தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, என் பிள்ள! வயிறு பதறுதே, வயிறு பதறுதே!" என்று மேசைக்கடியில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினார்.

இத்தனை காலம் தேடிய தமிழ் தங்கள் காதில் வந்து விழுந்தது! நாங்கள் அத்தனை பேரும் தங்கள் முகத்தைத்தான் பார்த்தோம். 'நான் அப்பவே சொல்லல?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பில்லை. தாங்களோ மேசைக்கடியில் கிடந்த செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, மூட்டுவலியை மறந்து, அவர் பின்னாலேயே ஓடினீர்கள். அவற்றுள் ஒன்று காசாளர் அண்ணனுடையது என்பது வேறு விஷயம்.

மகளுக்குக் கையில் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் தலைவர் காசாளரின் ஒற்றைச் செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்: "நேத்து நான் கத்தினேனே, அதையே போடுங்க. அந்த அப்பனுக்கும் அப்படித்தான்யா இருந்திருக்கும்."

ஆகவே புதிய பதிப்பில் அந்தத் தகப்பன் வயிறு பதறி ஓடுகிறான். மற்ற இடங்களில் மனம் இன்னும் உருகிக்கொண்டுதான் இருக்கிறது. குழு என்றால் அப்படித்தான். அச்சுத்தாளைக் கையில் வாங்கிய தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தீர்கள். தட்டச்சு அக்கா மறுபடியும் திரையைத் துடைத்தார்.

அறிவுக் களஞ்சியமே! அடுத்தவர் செருப்பைச் சுமந்தோடிய அருளாளரே! தங்கள் கண்ணும் மூட்டும் குடலும் ஈரலும் குறைவின்றி நலம்பெற, வீட்டில் அம்மாவுக்குச் சாப்பாட்டு வேளையிலாவது கிரேக்கத்திலிருந்து விடுதலை கிடைக்க, நீடூழி வாழ்க என 'மனமார வாழ்த்துகிறோம்' என்றுதான் எழுதியிருந்தோம். சட்டத்துக்குப் போகுமுன் மெய்ப்புத் திருத்துநர் வாங்கிப் பார்த்தார். ஒரு சொல்லை அடித்து வேறு சொல் எழுதினார். இந்த முறை சரியாகத்தான் திருத்தியிருக்கிறார்.

வயிறார வாழ்த்துகிறோம்!

இப்படிக்கு,
இனி நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றிருந்தும்
இன்று ஒரு வாய்கூட இறங்காத
நிலையப் பணியாளர்கள்