நாலாவது அடி

— அந்த பூட்ஸ் சத்தத்துக்குத்தான் என்னை வாசிக்க வச்சியா, டேல்?

— மெதுவாப் பேசு இசாமு. டைரக்டர் வாசல்லதான் நிக்கிறார். கேளுப்பா, படம் பாத்தவங்க என் பாஞ்சோத் தந்தியும் உன் ஜப்பான் ஷாமிசென் தந்தியும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்குங்கிறாங்க. இருபது வருஷமா பார்ல வாசிச்சோம், ஒருத்தனாவது திரும்பிப் பாத்தானா? பியரைப் பாத்தான்.

— எந்த இடத்துக்குன்னு சொல்லிப் பாட்டை வாங்கின?

— இப்ப அது எதுக்கு?

— சொல்லு.

— வெங்காயக் காட்டுக்குன்னு.

— போர்க்காலத்துல இந்த அமெரிக்காவுல, ஜப்பான்காரங்கன்னு எங்க ஜனத்தை முள்வேலிக்குள்ள அடைச்சாங்க. உள்ள களை எடுத்த பொம்பளைங்க பாடினது அது. படத்துல அவங்க குனிஞ்சு நிக்கிறப்ப வரும்னு சொன்ன. அதை நம்பி எங்கம்மா முன்னால மண்டி போட்டுக் கெஞ்சினேன். வெளிய எவன் காதுலயும் போடாத பாட்டு. நீ என்னடான்னா முகாம் காவல்காரனுக்குப் போட்டிருக்க.

— அவன் மனசு மாறி நடந்து போற கடைசிக் காட்சிப்பா அது. டைரக்டர் மாத்திட்டார். என் கையில இல்ல.

— எப்ப மாத்தினார்?

— உன் வாசிப்பைப் பதிவு பண்ணி முடிச்ச பிறகு.

— "நாலாவது அடியை ஓங்கி அடி, இன்னும் ஓங்கி"ன்னு என் உயிரை எடுத்தியே. அந்த அடி ஒவ்வொண்ணும் அவன் பூட்ஸ் தரையில படுறப்ப விழுது. அப்புறமா மாத்தினா அப்படி அச்சாப் பொருந்துமா?

— தற்செயலா அமையும்.

— பதிவு பண்றப்ப காட்சியைத் திரையில பாத்துத்தானே எல்லாரும் வாசிப்பாங்க? நான் வந்த அன்னிக்கு மட்டும் திரை ரிப்பேருன்னியே.

— ரிப்பேர் இல்ல.

— அப்ப வேணும்னேதான் மறைச்ச.

— காட்டியிருந்தா வாசிச்சிருப்பியா?

— மாட்டேன்.

— வேற என்ன பண்ணச் சொல்ற? நீ மீன் பெட்டி தூக்கியே சாவ. நான் பாரிலயே கெடப்பேன். பாட்டு உங்கம்மாவோட மண்ணுக்குள்ள போகும்.

— அவ கையால எத்தனை நாள் சோறு தின்னிருக்க, டேல்.

— அதனாலதான் சொல்றேன், அவங்க உன்னை மாதிரி இல்ல. புரிஞ்சுக்கிட்டாங்க. அந்தக் காட்சியில, கொட்டகையிலயே மொத ஆளா எழுந்து நின்னது யாரு? உங்கம்மா. அவங்களைப் பாத்துத்தான் கூட்டமே எழுந்து கைதட்டுச்சு. பின்வரிசையில நான் அழுதுட்டேன்.

— நான் அவ பக்கத்து சீட்டு.

— அப்ப நீயே பாத்திருப்ப. எப்படி நின்னாங்க, கூனே தெரியாம.

— கைதட்டினாளா?

— அதை நான் கவனிக்கல.

— தட்டல. ரெண்டு கையையும் தொடையோட ஒட்டி வச்சிருந்தா. முகாம்ல பூட்ஸ் சத்தம் கேட்டா அப்படித்தான் எழுந்து நிக்கணும், தலை எண்ணுறதுக்கு.

— இசாமு, அவங்க இப்ப எங்க?

— வெளிய கார் பக்கத்துல நிக்கிறா. கதவைத் திறந்து உக்காரும்மான்னா, இன்னும் எண்ணி முடிக்கலைங்கிறா.