மைமாஸ் பள்ளத்தில் ஒரு திருத்தங்கல் குரல்

"ஹலோ... ஹலோ, பாப்பா... அப்பாதாம்மா. வச்சுராத... ஒரு நிமிசம் இரு, இங்கன ஆளுக இருக்காக..."

ஜெயச்சந்திரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேப்பர் குடோனுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் அவருடையது. அவர் ஒரு சத்தம் போட்டால் ஓடுகிற மிஷினே அடங்கும் என்று திருத்தங்கலில் சொல்வார்கள். அந்தச் சத்தம்தான் இன்று காலை பெங்களூரில், மகள் ஹர்ஷினியின் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்குள் புகுந்து மானத்தை வாங்கியிருந்தது. ஊரிலிருந்தே பார்க்கலாம் என்று வீடியோ இணைப்பு அனுப்பியவளும் அவள்தான்.

"ஆமா... ஆமா தாயி... நானேதான் கத்துனேன்... இல்ல, மியூட்டுலதான் இருந்துச்சு. மைக்குப் படத்து மேல செவப்புக் கோடு கெடந்துச்சா, என்னமோ ரிப்பேருன்னு நானே அமுக்கிவிட்டேன்... அளுதியா?... சிரிக்கியா! சரி, சிரிச்சுக்கோ. இங்கன மிஷின் ஓட்டுத சங்கையா மொதக்கொண்டு எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு."

அவள் ஆராய்ந்தது சனிக்கோளைச் சுற்றிவரும் மைமாஸ் என்ற சின்னஞ்சிறு பனி நிலவை. எந்தக் காலத்திலோ ஒரு பாறை வந்து மோதி, நிலவின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்குப் பள்ளம் பறித்துவிட்டது. சொந்தக்காரர்கள் கேட்டால், "பாப்பா பள்ளத்தப் பத்திப் படிக்கா" என்பார் ஜெயச்சந்திரன். அப்படியானால் ஆமத்தூர் ரோட்டை எப்போது சரிசெய்வாள் என்று கேட்டவர்களும் உண்டு.

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? அந்த வெள்ளத்தாடி ஐயா கேட்டாரா, மோதுன கல்லு இன்னும் பெருசா இருந்தா என்னாயிருக்கும்னு. நீ வாயே தொறக்கல. மறந்துட்டியோன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் போன்ல எங்கிட்ட ஒப்பிச்சியே... அதான், 'ஒடஞ்சு செதறியிருக்கும்னு சொல்லு தாயி'ன்னு... ஆமா, சத்தமாத்தான்... யோசிச்சுக்கிட்டு இருந்தியா? கணக்கோட சொல்ல வந்தியா? அட, கூறுகெட்டவன் நான்!"

அவர் தலையில் அடித்துக்கொண்டது போனிலும் கேட்டிருக்கும்.

"...ஒண்ணுமில்ல, தலைதான்... உங்கம்மாவா? கோயில்ல. சனீஸ்வரருக்கு எள்ளு வெளக்குப் போடப் போயிருக்கா... ஆமா, அவரு பார்வை நம்ம மேல படக்கூடாதுன்னு நாங்க கும்புடுதோம், நீ என்னன்னா அவரு வீட்டு நிலாவ எட்டி எட்டிப் பாக்க. சாமியே கொளம்பிப் போயிருப்பாரு."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அத விடு. என்ன முடிவு சொன்னாக?... வெளிய நிக்கச் சொல்லிட்டாகளா? என்னாலயா?... எல்லாரையும் அப்பிடித்தானா? நெசமாவா?... யாரு அதுன்னு கேட்டாகளா! நீ என்ன சொன்ன?... 'எங்கப்பா'ன்னா?"

குரல் இறங்கிவிட்டது.

"...ராங் நம்பருன்னு சொல்லியிருக்கலாம்ல தாயி. தெரியாத ஆளுன்னு சொன்னா யாரு கேக்கப் போறாக... என்ன? கூப்பிடுதாகளா? போ, போ. போன வையி... வைக்க மாட்டியா? சரி, சரி... நான் பேசல. மூச்சுவிடல."

சொன்னபடியே இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். காலடிச் சத்தம், கதவுச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ தணிந்த குரலில் இங்கிலீசில் பேசிக்கொண்டே போனார். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். பெத்த பிள்ளையின் உழைப்பை ஒரு கத்தலில் கவிழ்த்த ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தார். அப்போது மறுமுனையில் கைதட்டல் எழுந்தது. ஜெயச்சந்திரனுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. பொத்திய கையை இன்னும் இறுக்கினார்.

"...ஹலோ... இருக்கேன், இங்கனதான் இருக்கேன்... டாக்டரா? டாக்டராயிட்டியா?... ஆமா... ஆமா ஆமா... நான் எங்க அளுதேன், பேப்பர்த் தூசி... இப்பப் பேசலாமா?... ஸ்பீக்கர்ல போட்டுட்டியா! வேண்டாம் தாயி... வெள்ளத்தாடி ஐயாவா? எங்கிட்டயா?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யாருமில்லாத குடோனில் நிமிர்ந்து நின்றார். நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"ஐயா... வணக்கம்ங்கய்யா... நான்... வந்து..."

அந்தப் பக்கம் காத்திருந்தார்கள்.

"...எல்லாரும் சாப்பிட்டீகளா?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. போனைத் துண்டித்துவிட்டார்.