கென்யாவில் மறந்த அட்டை

"மகன் நேற்று ஐடென்டி காட்டை அறையிலயே விட்டிட்டுச் சந்தைக்குப் போனவனாம்," என்று பொரளை பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னார். அட்டையில்லாத தமிழரைச் செக்பொயின்ட்டில் பிடித்துக்கொண்டு போகும் வெள்ளவத்தையில் இதற்கு யாராவது சிரிப்பார்களா? என் கை தன்பாட்டில் அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்தது.

பக்கத்திலிருந்த அவர் மனைவி பதறிவிட்டார். "ஐயோ, பிடிச்சுப்போட்டாங்களோ?"

"கென்யாவில ஆர் பிடிக்கிறது? அதுவும் பள்ளிக்கூடம் கட்டப் போன பிள்ளையை?"

"இஞ்ச அவனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. அங்க சம்பளமில்லாமல் கல்லுச் சுமக்கிறான்."

"முதல் மாசம் குளிக்கப் போனாலும் காட்டைக் கொண்டு போனவனாம். கூட வேலை செய்யிற பிள்ளையள் ஒரே பகிடியாம். இப்ப அது எங்க கிடக்கெண்டே தெரியாதாம்."

அந்த அம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்ப பழகிட்டான்."

"ஓம், பழகிட்டான்."

"இஞ்சேருங்கோ, வரேக்க அந்தப் பழக்கத்தை அங்கயே விட்டிட்டு வரச் சொல்லுங்கோ."

செக்பொயின்ட்டில் பஸ் நின்றது. எல்லோரையும் அட்டையோடு இறங்கச் சொன்னார்கள். முன்சீட்டுக்காரர் ஒவ்வொரு பொக்கெட்டாகத் தேடினார், முகம் வெளிறிக்கொண்டு வந்தது. அந்த அம்மா கைப்பையைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்தார்.

"இந்தாங்கோ, மேசையில கிடந்தது. தகப்பனுக்கும் கென்யாவில இருக்கிற நினைப்பு."